சின்ன வயதில் தைத்த இதயம், பெரியவரான பின் யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைப் பற்றியவை: பிறவியிலேயே இதயக் கோளாறோடு பிறந்து இன்று பெரியவர்களாகிவிட்டவர்கள். நோயாளிகள், பெற்றோர், மேற்படிப்பு படிக்கும் இதய மருத்துவர், அரசு மருத்துவமனைப் பணி மருத்துவர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்த நோயாளிகளைப் பார்ப்பதும் இந்தத் துறையை இளம் மருத்துவர்களுக்குக் கற்றுத்தருவதும் எங்கள் வேலை என்பதால், நாங்கள் சேர்ந்து பதில் தருகிறோம்.

கேள்வி: டி.எம். கார்டியாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் நாள் முழுக்க மாரடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்றே ஓடுகிறது. குழந்தை இதயப் பிரிவில் சில வாரங்கள்தான் போட்டார்கள். படிப்பு முடிந்ததும் தர்மபுரிப் பக்கமே வந்துவிட எண்ணம். பிறவி இதய நோய் உள்ள பெரியவர்களைப் பார்க்க நான் எதை, எந்த வரிசையில் கற்றுக்கொள்ள வேண்டும்?
– மருத்துவ மாணவர், பாலக்கோடு

பதில்: ஊருக்கே திரும்பி வர நினைக்கிறீர்கள், மனதார வரவேற்கிறோம். உங்களிடம் வரப்போகிறவர்கள் இரண்டு வகை. சிறுவயதில் அறுவை சிகிச்சை முடித்து, மார்பில் தழும்பு மட்டும் இருக்க, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் வருபவர்கள் ஒரு வகை. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே 25, 40 வயதைத் தொட்டவர்கள் இன்னொரு வகை. மேலைநாட்டுப் பாடத்திட்டங்கள் முதல் வகையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. நம் பக்கத்துக்கு இரண்டும் வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்று இரண்டு ஆண்டு தனி ஃபெலோஷிப் (சிறப்புப் பயிற்சி) இருக்கிறது. முதல் தகுதித் தேர்வு 2015இல் நடந்தது. உங்களுக்கு இப்போதே அந்த அளவு தேவையில்லை. நோயைச் சரியாக அடையாளம் காண்பது, தெரியாமல் கெடுதல் செய்யாமல் இருப்பது, உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு அனுப்புவது: இந்த மூன்றையும் உங்கள் மூன்று ஆண்டுக்குள்ளேயே கற்றுக்கொண்டுவிடலாம்.

முதலில் உடற்கூறு. ‘ஓட்டை எங்கே?’ என்று தேடிக்கொண்டு எக்கோவைத் தொடங்காதீர்கள். மேலறைகள் எந்தப் பக்கம், சிரைகள் எங்கே வந்து சேர்கின்றன, எந்த மேலறை எந்தக் கீழறையோடு இணைகிறது, எந்தக் கீழறையிலிருந்து எந்தத் தமனி கிளம்புகிறது என்று வரிசையாகப் போங்கள். சுவர், வால்வு, பெருந்தமனி வளைவு எல்லாம் அதற்குப் பிறகு. பெரியவர்களுக்கு எக்கோ எடுத்துப் பழகியவர்கள் மார்பெலும்பின் ஓரத்தில் புரோபை வைத்துத் தொடங்குவார்கள். இந்த நோயாளிகளுக்கு விலாவுக்குக் கீழே, மேல்வயிற்றில் வைத்துத் தொடங்குங்கள். முதல் ஆறு மாதம், பார்க்கும் ஒவ்வொருவருக்கும் இதயத்தைக் கட்டம் போட்டுக் கையால் வரையுங்கள். அனாட்டமி அருங்காட்சியகத்தில் பிறவிக் கோளாறுள்ள இதயங்கள் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். திரையில் பார்ப்பதால் மட்டும் இது மனத்தில் பதியாது.

வரிசை தவறினால் என்ன ஆகும்? கீழறைகள் இடம் மாறி அமைந்த நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு வலது கீழறைதான் உடலுக்கெல்லாம் ரத்தம் தள்ளும். இடப்பக்கம் இருக்கும் வால்வு உண்மையில் டிரைகஸ்பிட். அவர்களுடைய கோப்பில் ‘மைட்ரல் கசிவு, இதயத்தசை பலவீனம்’ என்றே பல ஆண்டு எழுதப்பட்டிருக்கும். இடப்பக்க வால்வு வலப்பக்க வால்வைவிடக் கீழே, நுனியை நோக்கி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இவர்களுக்கு எந்த வயதிலும் ஹார்ட் பிளாக் (மேலறையின் மின்துடிப்பு கீழறைக்குப் போகாமல் தடைபடுவது) வரலாம். ஒவ்வொரு முறையும் ஈசிஜியில் பி.ஆர். இடைவெளியை (அந்த மின்துடிப்பு கீழறையை எட்ட எடுக்கும் நேரத்தை) அளந்து எழுதுங்கள்.

அடுத்தது அறுவை சிகிச்சைகளின் வரலாறு. தேர்வுக்காக அல்ல, சிகிச்சைக்காகவே இது வேண்டும். பிளாலாக்–டாசிக் ஷன்ட் (நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக வைக்கும் மாற்றுப்பாதை) 1944இல் வந்தது. லில்லேஹை 1954இல் ஃபேலோ கோளாறை (கீழறைச் சுவரில் ஓட்டையும் நுரையீரல் பாதையில் குறுக்கமும் சேர்ந்த, உடல் நீலமாகும் பிறவி நோய்) முழுமையாகச் சரிசெய்தார். ஒற்றைக் கீழறை உள்ளவர்களுக்குச் சிரை ரத்தத்தை நேராக நுரையீரலுக்கு அனுப்பும் ஃபாண்டான் அறுவை சிகிச்சை 1971இல் வெளியானது. மாறி இணைந்த தமனிகளை இடம் மாற்றும் அறுவை சிகிச்சையை ஜாட்டேன் 1975இல் செய்தார். அதற்கு முந்தைய முஸ்டர்ட், சென்னிங் முறைகளில் ரத்தம் மேலறையிலேயே திருப்பிவிடப்பட்டது. அந்த நோயாளிகளுக்கு இன்றும் உடலின் பம்ப் வலது கீழறைதான். எந்த ஆண்டு, எந்த முறை என்று தெரிந்தாலே, அந்த இதயத்தில் இப்போது எது பழுதாகியிருக்கும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

காகிதம் இல்லாவிட்டால் தழும்பைப் படியுங்கள். நடுமார்பில் நெடுக்குத் தழும்பு என்றால் இதயத்தைத் திறந்து செய்தது. இடப்பக்க விலா ஓரமாக முதுகுவரை போனால் பெருந்தமனிக் குறுக்கம், பி.டி.ஏ. (பிறந்த பிறகும் மூடாமல் நிற்கும், பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையிலான குழாய்), ஷன்ட் மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய முறை ஷன்டில் கைக்குப் போகும் தமனியையே வெட்டி இணைத்திருப்பார்கள். அந்தக் கையில் நாடி மெலிந்திருக்கும், ரத்த அழுத்தம் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எதிர்க் கையில் அளந்து, எந்தக் கை என்பதையும் எழுதிவையுங்கள். ஆக்ஸிஜன் அளவைக் கையிலும் காலிலும் பாருங்கள். கையில் 95, காலில் 82 என்று வந்தால், பி.டி.ஏ. வழியே ரத்தம் தலைகீழாகப் பாய்கிறது என்று பொருள்.

நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஃபேலோ சரிசெய்யப்பட்டவர்களை. அறுவை சிகிச்சையில் நுரையீரல் வால்வுப் பகுதியை விரித்திருப்பார்கள். அந்த வால்வு கசிந்துகொண்டே இருக்கும். வலது கீழறை வீங்கிக்கொண்டே போகும். நோயாளியைக் கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். சாதாரண இதயத்தோடு ஓடினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எனவே வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல் நடைச் சோதனையோ டிரெட்மில்லோ செய்யுங்கள். வலது கீழறையின் அளவை எக்கோ சரியாகச் சொல்லாது; எம்.ஆர்.ஐ. வேண்டும். முழுக்க விரிந்த நிலையில் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 160 மி.லி., சுருங்கிய நிலையில் 80 மி.லி. என்ற அளவுகளை எட்டும்போது புது வால்வு பற்றிப் பேச வேண்டும். ஈசிஜியில் கியூ.ஆர்.எஸ். (கீழறைகளில் மின்துடிப்பு பரவும் நேரம்) அகலம் 180 மில்லி விநாடியைத் தொட்டால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. இயந்திரம் அச்சடிக்கும் எண்ணை விட்டுவிட்டு நீங்களே அளவுகோல் வைத்து அளந்து, போன ஆண்டு ஈசிஜியோடு ஒப்பிடுங்கள்.

கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் விட்டு இதயத்தை அளக்கும் அறையில்) பலர் சறுக்குவது ஒரு கணக்கில். மேலறை ஓட்டையில் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்துக்கும் உடலுக்குப் போகும் ரத்தத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட, நுரையீரல் தமனி ரத்தத்தைக் ‘கலப்புச் சிரை ரத்தம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டை வழியே வந்த சிவப்பு ரத்தம் அதில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. மேற்பெருஞ்சிரையின் ஆக்ஸிஜன் அளவை மூன்றால் பெருக்கி, கீழ்ப்பெருஞ்சிரையின் அளவைக் கூட்டி, நான்கால் வகுங்கள். மேலே 68, கீழே 72 என்றால் 69 வரும். பெருந்தமனியிலும் நுரையீரல் சிரையிலும் 97, நுரையீரல் தமனியில் 85 என்று வைத்துக்கொண்டால், 28ஐ (97–69) 12ஆல் (97–85) வகுக்க, விகிதம் சுமார் 2.3. இன்னொன்று: மயக்க மருந்து கூடி மூச்சு மந்தமானால் கார்பன் டை ஆக்சைடு ஏறி, நுரையீரல் ரத்தக்குழாய் எதிர்ப்பு பொய்யாக உயர்ந்து நிற்கும். எண்ணை நம்புவதற்கு முன் ரத்த வாயுப் பரிசோதனையைப் பாருங்கள்.

இந்த எதிர்ப்பு 3 வுட் அலகுக்குக் கீழ் இருந்து, ரத்தம் இடமிருந்து வலமாகத் தாராளமாகப் பாய்ந்தால் மேலறை ஓட்டையை மூடலாம். 3 முதல் 5 வரை இருந்தால் அனுபவமுள்ள மையம் முடிவெடுக்கட்டும். மருந்து கொடுத்தும் 5க்கு மேலேயே நின்றாலோ, நடக்கும்போது ஆக்ஸிஜன் இறங்கினாலோ மூடக் கூடாது. ஐசன்மெங்கர் நிலையில் (நுரையீரல் அழுத்தம் மிகக் கூடி, ஓட்டை வழியே ரத்தம் தலைகீழாகப் பாயும் நிலை) அந்த ஓட்டைதான் வலது இதயத்துக்கு வடிகால். அதை அடைத்தால் இதயம் திணறி நின்றுவிடும். டிவைஸ் (ஓட்டையை மூடும் சாதனம்) கையில் இருக்கிறது, ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக மூடியவர்களைத்தான் நாங்கள் மிகுந்த வருத்தத்தோடு பார்க்கிறோம். பயிற்சியில் இருக்கும்போதே ‘இதை மூட வேண்டாம்’ என்று காரணத்தோடு சொல்லப் பழகுங்கள்.

ஒரு மாதம் மொத்தமாகப் போஸ்டிங் போடுவதைவிட, ஓராண்டு முழுக்க வாரம் ஒரு நாள் இந்த ஓ.பி.யில் உட்காருவது மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதே நோயாளி மூன்றாவது முறை வரும்போதுதான் பாடம் புரியும். அறுவை சிகிச்சைக் குழுவின் வாராந்தரக் கூட்டத்தையும், மகப்பேறு பிரிவோடு சேர்ந்து நடக்கும் ஆலோசனையையும் விடாதீர்கள். ஃபெலோஷிப் தேடும்போது, அங்கே வாரத்துக்கு எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள், இதய எம்.ஆர்.ஐ. உண்டா, பிறவிக் கோளாறில் தேர்ந்த அறுவை மருத்துவர் உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 5 வயதில் காப்பீட்டுத் திட்டத்தில் இதய ஓட்டை ஆபரேஷன் நடந்தது. ‘ஓட்டை மூடியாச்சு, இனி ஒன்றும் இல்லை’ என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது 18 முடிந்துவிட்டது. பள்ளிக்கு வந்து பார்க்கும் டாக்டர் குழுவும் இனி பார்க்காதாம். அப்படியே விட்டுவிடலாமா?
– ஒரு தாய், பர்கூர்

பதில்: விட்டுவிடாதீர்கள், அம்மா. எந்த ஓட்டை என்பதைப் பொறுத்துத்தான் பதில். மேலறை ஓட்டையோ பி.டி.ஏ.வோ மட்டும் இருந்து, சுத்தமாக மூடி, நுரையீரல் அழுத்தமும் சரியாக இருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஃபேலோ, பெருந்தமனிக் குறுக்கம், செயற்கை வால்வு அல்லது குழாய், ஒற்றைக் கீழறை என்றால் ஆயுள் முழுக்க, ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘ஓட்டை’ என்றே வீட்டில் சொல்லிப் பழகிவிடுகிறோம். முதலில் நோயின் முழுப்பெயரைக் கண்டுபிடியுங்கள்.

பள்ளிக்கு வரும் குழு, ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் வருவது. அது பிறப்பு முதல் 18 வயது வரைதான். அந்த வயதில்தான் ஏராளமான பிள்ளைகள் மருத்துவர் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறார்கள். வேலை, கல்லூரி, ஓசூரில் விடுதி என்று போய்விடுவார்கள். அடுத்து வரும்போது மூச்சிரைப்போடு வருவார்கள்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்குப் போய், அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்கோ, ஈசிஜி ஆகியவற்றின் நகல் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. என்ன வைத்துத் தைத்தார்கள், எந்தத் தமனி எங்கே போகிறது என்பதெல்லாம் அறுவை சிகிச்சைக் குறிப்பில்தான் இருக்கும். பழைய கோப்புகளை மருத்துவமனைகள் காலாகாலத்துக்கும் வைத்திருக்காது. கிடைத்ததையெல்லாம் போனில் படம் எடுத்து, மகன் போனிலும் போட்டுவிடுங்கள். தர்மபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முதல் எக்கோவை அங்கேயே தொடங்கலாம். அதற்கு மேல் சேலம், வேலூர், பெங்களூரு என்று போவதானால் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது உங்கள் மகனே பேசட்டும். நோயின் பெயர், என்ன ஆபரேஷன், என்ன மாத்திரை, எப்போது அவசரமாக ஓடி வர வேண்டும் என்ற நான்கையும் அவனாகச் சொல்ல வேண்டும். 12, 13 வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டிய பழக்கம் இது. இப்போதும் நேரம் போய்விடவில்லை.

கேள்வி: அரசு மருத்துவமனையில் பணி மருத்துவராக இருக்கிறேன். 26 வயது இளைஞர், அறுவை சிகிச்சை எதுவும் செய்யாத ஃபேலோ. ஆக்ஸிஜன் 78, ஹீமோகுளோபின் 20.5, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 62. ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) 2.1 என்று லேப் சொல்கிறது; ரத்தம் உறையாமல் இருக்க அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை. ஒரு யூனிட் ரத்தம் எடுத்துவிடலாம் என்கிறார் சக மருத்துவர். சரியா?
– மருத்துவர், அரூர்

பதில்: எடுக்காதீர்கள். ஆக்ஸிஜன் 78 இருக்கும் உடலுக்கு இந்த அளவு ஹீமோகுளோபின் தேவை. அவருக்கு 14 இருந்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். எல்லோருக்கும் நல்லதாகத் தெரியும் அந்த எண் அவருக்கு ரத்தசோகை.

ரத்தம் எடுப்பதற்கு ஒரே காரணம்தான்: ஹீமட்டோகிரிட் 65க்கு மேல் போய், தலைவலி, பார்வை மங்கல், விரல் மரமரப்பு, புத்தி மந்தம் போன்ற தொல்லைகள் இருந்து, நீர்ச்சத்துக் குறைவும் இரும்புக் குறைவும் இல்லை என்று உறுதியானால் மட்டும். அப்போதும் 250 முதல் 500 மி.லி.தான்; கூடவே அதே அளவோ அதற்கு மேலோ சலைன் ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கோடு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும். திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தால் இரும்பு வற்றும். இரும்பு வற்றினால் பக்கவாத ஆபத்து கூடும். ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு பாருங்கள். குறைந்திருந்தால் இரும்பு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களில் ஹீமட்டோகிரிட்டை மறுபடி பாருங்கள். சிலருக்கு அது வேகமாக ஏறும்.

அந்த ஐ.என்.ஆர். பெரும்பாலும் பொய்க் கணக்கு. 3 மி.லி. நீலமூடிக் குழாயில் 0.3 மி.லி. சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்), 2.7 மி.லி. ரத்தம். இவர் ரத்தத்தில் பிளாஸ்மா குறைவு. அதனால் சிட்ரேட் மிஞ்சிவிடுகிறது. ஹீமட்டோகிரிட் 55ஐத் தாண்டினாலே இதைத் திருத்த வேண்டும். நூறிலிருந்து ஹீமட்டோகிரிட்டைக் கழித்து, 0.00185ஆலும் ரத்தத்தின் அளவாலும் பெருக்குங்கள்: 38 × 0.00185 × 2.7 = 0.19 மி.லி. அதாவது இன்சுலின் ஊசியால் சுமார் 0.1 மி.லி. சிட்ரேட்டை எடுத்துவிட்டு, 2.7 மி.லி. ரத்தம் விட்டு அனுப்புங்கள். லேபுக்கும் சொல்லி வையுங்கள். இந்தப் பொய் எண்ணைப் பார்த்துவிட்டு பிளாஸ்மா ஏற்றிவிடக் கூடாது.

வார்டில் இன்னும் சில விஷயங்கள். இவருக்குப் போடும் எந்த ஊசியிலும் டிரிப்பிலும் காற்றுக்குமிழி கூடாது. வலப்பக்கத்துக் குமிழி இடப்பக்கம் தாண்டி மூளைக்குப் போகும். தலைவலியோடு காய்ச்சல் வந்தால் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பாமல், மூளைச் சீழ்க்கட்டிக்காக சி.டி. எடுங்கள். மூட்டு வீங்கினால் யூரிக் அமிலம் பாருங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இவர்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டு 95ஐத் தொடுவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். ஓட்டை வழியே கலக்கும் ரத்தத்தை மாஸ்க் மாற்றாது. கடைசியாக, 26 வயதிலும் ஃபேலோவைச் சரிசெய்யலாம். ‘வயசாயிடுச்சு’ என்று விடாமல் அறுவை சிகிச்சை மையத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: 28 வயது. பி.பி. 170/100. இரண்டு மாத்திரை போட்டும் அடங்கவில்லை. நடந்தால் கால் அசதியாகிறது. இதுவும் பிறவிக் கோளாறாக இருக்குமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: இருக்கலாம். வலது கையிலும் காலிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாகக் காலில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கையைவிடக் காலில் 20க்கு மேல் குறைந்திருந்தாலோ, தொடையில் நாடி தாமதமாகவோ மெலிந்தோ இருந்தாலோ பெருந்தமனிக் குறுக்கமா என்று எக்கோவும் சி.டி.யும் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்டென்ட் வைத்தே விரித்துவிடலாம். 40 வயதுக்குக் கீழ் பி.பி. என்று வரும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது தொடை நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி மருத்துவர்களிடம் நாங்கள் இதைக் கறாராகச் சொல்கிறோம்.

கேள்வி: எனக்கு 24 வயது. 6 வயதில் ஃபேலோவுக்கு ஆபரேஷன் ஆனது. மாமா பையனோடு கல்யாணம் பேசியிருக்கிறார்கள். நான் குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? சொந்தத்தில் செய்வதால் பிள்ளைக்கும் வந்துவிடுமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நன்றாகச் சரிசெய்யப்பட்ட ஃபேலோவோடு பெரும்பாலான பெண்கள் நல்லபடியாகவே பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் பரிசோதனைகள் கருத்தரிப்பதற்கு முன்பே முடிய வேண்டும்: ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், முடிந்தால் எம்.ஆர்.ஐ. வலது கீழறை மிகவும் வீங்கியிருந்தால் வால்வை முதலில் கவனித்துவிட்டுக் கருத்தரிப்பது நல்லது. எனாலபிரில் போன்ற மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். அவற்றை மாற்ற வேண்டும். இதயத்துக்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவது அரிது.

பிறவிக் கோளாறு இல்லாத பெற்றோரின் பிள்ளைக்கு இதயக் கோளாறு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் நூற்றுக்கு 3 முதல் 5 என்று பொதுவாகச் சொல்லலாம். நெருங்கிய சொந்தத்தில் மணந்தால் அது கொஞ்சம் கூடும். வேறு மரபு நோய்களுக்கான வாய்ப்பும் சேர்ந்துகொள்ளும். உங்கள் விஷயத்தில் முக்கியமாக ஒன்று உண்டு. ஃபேலோ உள்ளவர்களில் சிலருக்கு 22ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இருக்காது. அது இருந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன் மரபியல் ஆலோசனையோடு செய்துகொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம் என்பதையும் அன்போடு சொல்கிறோம். கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் (தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) பதிவு செய்யும்போதே இதய ஆபரேஷன் விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் இதயத்துக்கு எக்கோ எடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐசன்மெங்கர் உள்ளவர்கள் கருத்தரித்தால் தாய் இறக்கும் ஆபத்து நூற்றுக்கு 20 முதல் 50 வரை. அவர்களுக்குக் கருத்தடை என்பதே உயிர் காக்கும் சிகிச்சை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தக்கட்டியை உண்டாக்கும் என்பதால் அவர்களுக்கும் ஃபாண்டான் செய்தவர்களுக்கும் ஆகாது. புரோஜெஸ்டிரோன் மட்டும் உள்ள முறைகள் பொருந்தும். போசென்டான் (நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கான மருந்து) எடுப்பவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையும் கையில் வைக்கும் இம்ப்ளான்டும் பலன் குறையும். கருப்பையில் சாதனம் பொருத்துவதானால் மயக்க மருத்துவர் உள்ள மருத்துவமனையில் செய்ய வேண்டும். பொருத்தும் நேரத்தில் நாடி திடீரென்று இறங்கினால் இவர்கள் தாங்க மாட்டார்கள். இந்தப் பேச்சை மகப்பேறு மருத்துவர் பேசுவார் என்று இதய மருத்துவரும், இதய மருத்துவர் பேசியிருப்பார் என்று அவரும் விட்டுவிடுவது தொடர்ந்து நடக்கிறது. ஃபெலோக்கள் இதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு; பல்லெல்லாம் கறை. எனக்கு இதயத்தில் செயற்கை வால்வு. பல் மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: கறையால் இதயத்துக்கு ஆபத்தில்லை. ஈறு வீக்கமும் சொத்தையும்தான் ஆபத்து. அங்கிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் தங்கும். பல் பிடுங்குவதற்கும் ஈறில் கைவைக்கும் சிகிச்சைகளுக்கும் 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே வேளையாக எடுக்க வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள், வேறு மருந்து உண்டு. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இதயத் தொற்று வந்தவர்கள், ஆக்ஸிஜன் குறைந்து உடல் நீலமாகும் நோயைச் சரிசெய்யாதவர்கள், பேட்ச் (ஓட்டையை மூடத் தைக்கும் ஒட்டு) அல்லது டிவைஸ் வைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள், பேட்ச் ஓரம் கசிவு உள்ளவர்கள் ஆகியோருக்கே இது. மற்றவர்களுக்கு வேண்டியதில்லை. காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதலில் மூன்று முறை ரத்தம் எடுத்துக் கல்ச்சர் வைத்த பிறகுதான் மருந்து. முன்பே மாத்திரை போட்டுவிட்டால் கிருமி எது என்று தெரியாமலே போய்விடும்.

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. ஃபாண்டான் ஆபரேஷன் ஆனவன். இரண்டு நாள் படபடப்பு. ஒரு மருத்துவமனையில் ‘நாடி 130, பயத்தில் வருவது’ என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மூச்சுவாங்கி ஐ.சி.யூ.வுக்குப் போனான். எதைக் கவனித்திருக்க வேண்டும்?
– வாசகர், ஓசூர்

பதில்: ஃபாண்டான் ஆனவர்களுக்கு நுரையீரலுக்கு ரத்தம் தள்ளத் தனி பம்ப் கிடையாது, சிரை ரத்தம் தானாகவே போய்ச் சேர வேண்டும். மேலறைத் துடிப்பு தப்பினால் அந்த ஓட்டம் உடனே சரியும். ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக 130 என்று நிற்கும் நாடியைப் பயம் என்று சொல்லக் கூடாது. மேலறையில் சுழலும் மின்னோட்டம் என்றே முதலில் கருத வேண்டும். 12 லீட் ஈசிஜி எடுத்துப் பழைய ஈசிஜியோடு ஒப்பிட வேண்டும். மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்று பார்த்துவிட்டு மின்னதிர்ச்சி கொடுத்து இயல்புத் துடிப்புக்குக் கொண்டுவருவதுதான் சரியான வழி; ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் வேண்டும். நாடியை மட்டும் மாத்திரையால் குறைத்து நாள்கணக்கில் காத்திருப்பது ஆபத்து.

ஐ.சி.யூ.விலும் இரண்டு தவறுகள் நேர்கின்றன. கால் வீக்கத்தைப் பார்த்து லாசிக்ஸ் (சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்து) அதிகமாகக் கொடுத்து உடலை வற்றவைப்பது ஒன்று. வென்டிலேட்டரில் காற்றழுத்தத்தைக் கூட்டி வைப்பது இன்னொன்று. இரண்டுமே நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தம்பியின் நல்ல நிலை ஈசிஜியையும், பார்க்கும் மையத்தின் எண்ணையும் அவன் போனிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேனும் ஆல்புமின் அளவும் பாருங்கள். ஃபாண்டானில் சிரை அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருப்பதால் கல்லீரல் மெல்ல இறுகும். ஆல்புமின் இறங்கிக் கால் வீங்கினால் குடல் வழியே புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். பெரியவர்களின் பிறவி இதய நோய்க்கென்று மாதம் ஒரு நாள் ஓ.பி. தொடங்க ஆசை. குறைந்தபட்சம் என்ன வேண்டும்?
– மருத்துவர், தர்மபுரி

பதில்: பெரிய கருவிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். கையிலும் காலிலும் மாட்டக்கூடிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர், தொடைக்கான அகலப் பட்டையோடு பி.பி. கருவி, 12 லீட் ஈசிஜி, பெரியவர் புரோபோடு குழந்தை புரோபும் உள்ள எக்கோ, ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நீள வராந்தா. இவ்வளவுதான். எக்கோவில் வலது இதயம் வீங்கியிருந்து காரணம் தெரியாவிட்டால் ‘நார்மல்’ என்று முடிக்காதீர்கள். மேற்பெருஞ்சிரை சேரும் இடத்திலுள்ள ஓட்டை சாதாரண எக்கோவில் தப்பிவிடும். உணவுக்குழாய் வழி எக்கோவுக்கோ சி.டி.க்கோ அனுப்ப வேண்டும்.

பெரிய மையம் ஒன்றோடு முதலிலேயே பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை வீடியோவில் நோயாளிகளை விவாதிக்க வேண்டும். ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பாமல் எக்கோவின் அசையும் படங்களையே அனுப்புங்கள். அங்கு படிக்கும் ஃபெலோ ஒருவர் அந்த ஓ.பி. நாளில் உங்களிடம் வந்து உட்காரட்டும். அவருக்கும் இது பயிற்சிதான்: பெரிய ஊரில் கிடைக்காத, சிகிச்சையே இல்லாமல் வளர்ந்த நோயாளிகளை இங்கேதான் பார்ப்பார். குழந்தைகள் பிரிவும், மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் 16 வயதானவர்களின் பட்டியலை உங்களுக்குத் தர வேண்டும். 18இல் திடீரென்று அனுப்புவதைவிட, அந்த இரண்டு ஆண்டில் ஒருமுறையாவது இரு மருத்துவர்களும் ஒரே அறையில் சேர்ந்து பார்ப்பது நல்லது.

அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். எக்கோவுக்கு ஒரு நாள், ரத்தத்துக்கு இன்னொரு நாள் என்று அலையவிட்டால் மூன்றாம் முறை வரமாட்டார். எல்லாம் மதியத்துக்குள் முடிந்து, கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் நேரத்துக்கு அவர் வெளியே வந்தாக வேண்டும். பதிவேட்டில் நோயின் முழுப்பெயர், ஆபரேஷனும் ஆண்டும், கை–கால் ஆக்ஸிஜன், கியூ.ஆர்.எஸ். அகலம், நடந்த தூரம், கருத்தடை பற்றிப் பேசியாயிற்றா, பல் பார்த்தாயிற்றா, அடுத்த தேதி, உறவினர் ஒருவர் போன் எண் ஆகியவை இருக்கட்டும். தேதி தவறினால் ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டுக் கேட்கும் பொறுப்பை ஒரு செவிலியரிடம், அவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி, ஒப்படையுங்கள். அவர் விடுப்பில் போகும் நாள்களுக்கு மாற்று ஆள் யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.